நாற்காலிக்குப் போட்ட மாலை

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் சுவரில் தொங்கும் படங்கள் இரண்டே வகை. ஒன்று சாமி. இன்னொன்று, சாமியிடம் போய்ச் சேர்ந்தவர்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஆல்பம் உண்டு, செல்ஃபோன் உண்டு; சுவர் மட்டும் கிடையாது. (கல்யாண ஃபோட்டோ ஒன்று விதிவிலக்கு. அதையும் எங்கள் அப்பா பீரோவுக்குப் பின்னால்தான் மாட்டி வைத்திருக்கிறார்.) படம் பெரிதாக இருந்து, கறுப்பு வெள்ளையில் இருந்து, மேலே ஒரு விளக்கும் எரிந்தால் போதும், எங்கள் வாய் தானாக "உச்" கொட்டிவிடும். இந்தப் பழக்கத்தோடு ஒருவனைப் புகைப்படக் கண்காட்சிக்குள் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை என் ஒருவனை வைத்தே திருவண்ணாமலை தெரிந்துகொண்டது.

அப்போது நான் டவுனில் ஒரு டிராக்டர் ஷோரூமில் விற்பனை வேலையில் இருந்தேன். வீடு கீழ்பென்னாத்தூரில். கல்யாணத்துக்குப் பார்த்த பெண்களெல்லாம் என் வேலையைக் கேட்டதும் "ஓ, டிராக்டரா" என்று சொல்லி ஃபோனை வைத்தார்கள். யமுனா மட்டும், "ஒரு நாள் என்னை ஓட்ட விடுவீங்களா?" என்று கேட்டாள். அந்த நிமிஷமே நான் காலி.

யமுனா கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவள். அது சோற்றுக்கு. தன் சொந்த ஆசைக்கு வேறு மாதிரிப் படங்களும் எடுப்பாள் என்று அந்த முதல் ஃபோனிலேயே சொன்னாள். "உங்களுக்கு ஃபோட்டோ பாக்கறது பிடிக்குமா?" என்று கேட்டாள்.

"உயிருங்க" என்றேன். "மியூசியம், கேலரி ஒண்ணு விடமாட்டேன்."

(நான் வாழ்க்கையில் பார்த்த ஒரே மியூசியம், பள்ளிக்கூடத்தில் சென்னைக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது பார்த்தது. அங்கே எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடும், அதைப் பார்த்துவிட்டு நான் எடுத்த வாந்தியும்தான்.)

"அப்ப நல்லதாப் போச்சு" என்றாள் அவள். "பஜ்ஜி சொஜ்ஜி வெச்சு பொண்ணு பாக்கறதெல்லாம் எனக்கு ஆவாதுங்க. செங்கம் ரோட்டுப் பக்கம் என் படங்களைக் கண்காட்சியா வெச்சிருக்கேன். அங்கயே வந்துடுங்க. ஒருத்தர் ஒரு படத்தை எப்படிப் பாக்கறாருன்னு பாத்தாலே ஆள் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுடும்."

ஜாதகம் கொண்டுவந்த தணிகாசலம் இன்னொரு விஷயத்தையும் சொல்லியிருந்தார். இவர் பெண்ணின் பெரியம்மாவுக்குத் தம்பி. "பொண்ணுக்குப் பெத்தவங்க இல்ல. வளத்ததெல்லாம் பெரியப்பாதான். பொண்ணுக்குப் பிடிச்சு, அவரும் சரின்னா சரி. அவரு வேணான்னுட்டா பிரம்மன் வந்து சொன்னாலும் நடக்காது." அந்தப் பெரியப்பாவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஆக, தேர்வு இரண்டு. ஒன்று நான் படம் பார்க்கிற அழகு, இன்னொன்று பெரியப்பா. பெரியப்பாவுக்குப் படிக்கப் பாடப்புத்தகம் இல்லை. படம் பார்ப்பதற்கு யூட்யூப் இருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். படத்தின் முன்னால் அவசரப்படாதீர்கள், மூச்சை இழுத்து விடுங்கள், இரண்டடி பின்னால் போங்கள், மனசைத் திறந்து வையுங்கள், படம் உங்களிடம் பேசும் என்று தாடி வைத்த ஒருவர் சொன்னார். வீட்டில் காலண்டரின் முன் நின்று பயிற்சி எடுத்தேன். பின்னால் போகும்போது தண்ணீர்க் குடத்தில் இடறினேன். அம்மா, "இந்தச் சம்பந்தமாவது அமைஞ்சா பெரிய கோயிலுக்கு நூத்தியெட்டு உடைக்கிறேன்" என்று தேங்காய் வேண்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா, அப்பா, நான் மூவரும் கிளம்பினோம். அம்மா நேரே கண்காட்சிக்கு வர மறுத்துவிட்டாள். முதலில் கோயில். அங்கே சாமிக்குச் சாத்திய சம்பங்கி மாலை ஒன்றைக் குருக்கள் அம்மா கையில் கொடுத்துவிட்டார். "பாத்தியா, உத்தரவாயிடுச்சு! பொண்ணு கையில இதைக் குடுப்போம்" என்று கவரில் போட்டு என்னிடம் தந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த மாலையை ஆட்டோவில் என் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். புது பேண்ட் முன்பக்கம் நனைந்து, விளக்கம் சொல்ல முடியாத இடத்தில் ஈரமாகிவிட்டது.

கண்காட்சி ஒரு பழைய கடலை மில்லில் நடந்தது. உள்ளே பளிச்சென்று வெள்ளையடித்து, ஒவ்வொரு படத்துக்கும் மேலே ஒரு விளக்கு போட்டிருந்தார்கள். வாசலில் 'நடை' என்று ஒரே ஒரு வார்த்தை. யமுனா கழுத்தில் கேமராவோடு வந்து வணக்கம் சொன்னாள். நேரில் இன்னும் அழகு. "நீங்க பாருங்க, நான் குறுக்க வரல" என்று தூரமாகப் போய் நின்றுகொண்டாள். ஆனால் கண் எங்கள் மேல்தான். தேர்வு தொடங்கிவிட்டது.

உள்ளே நுழைந்ததும் தரையில் ஒரு அம்புக்குறி. அது வலது பக்கம் காட்டியது. நான் அம்பைப் பார்த்துத் திரும்பினேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கடா போற?"

"அம்பு இந்தப் பக்கந்தான் காட்டுது."

"நல்ல காரியத்துக்கு வந்துட்டு அப்பிரதட்சணமா சுத்துவியா? மலையை யாராவது அப்படிச் சுத்தறாங்களா?"

வாசலில் உட்கார்ந்திருந்த பெண் ஓடி வந்து, "அம்மா, படமெல்லாம் இந்த வரிசையில..." என்று ஆரம்பித்தது. அம்மா, "நீ வெளியூராம்மா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். அந்தப் பெண் பாவம், ஓசூர். திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் மூவரும் இடது பக்கம் திரும்பினோம், கடைசிப் படத்திலிருந்து முதல் படத்தை நோக்கி. எங்கள் காலக்கேடு அங்கே தொடங்கியது. ஏனென்றால் இது யார், என்ன கதை என்று விவரமாக எழுதிய அட்டை, முதல் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

நாங்கள் பார்த்த முதல் படத்தில் ஒரு பெரியவர் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடந்துகொண்டே சோளக்கதிர் கடித்துக்கொண்டிருந்தார். பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. பார்த்ததும் பிடித்துப்போகிற முகம். "ஆளு ஜாலியான ஆளுபோல" என்றார் அப்பா. நான் மூச்சை இழுத்து விட்டேன், இரண்டடி பின்னால் போனேன், மனசைத் திறந்தேன். யமுனா அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த படத்தில் அதே பெரியவர் அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை பெஞ்சில். அடுத்ததில் தெருமுனையில், கையில் தடி. எனக்குச் சுருக்கென்றது. அடுத்ததில் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அடுத்ததில் கண்ணாடி முன்னால் முகம் மழித்துக்கொள்கிறார். கை நடுங்குவது படத்திலேயே தெரிந்தது, பாதி முகத்தில் நுரை அப்படியே இருந்தது.

"நல்லா நடந்துட்டிருந்த மனுஷன்" என்று அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

திறந்து வைத்த மனசு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. எனக்கும் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. சத்தியமாக நடிப்பு இல்லை. அந்த நேரம் பார்த்து எதிர்த்திசையிலிருந்து, அதாவது அம்பு காட்டிய வழியில், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அதே படத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நுரை முகத்தைப் பார்த்ததும் இருவர் முகமும் மலர்ந்தது. அந்த அம்மாள் கைகூடத் தட்டினாள்.

"ஒரு மனுஷன் தேஞ்சு போறதப் பாத்து சிரிக்குதுங்க பாரு" என்றாள் அம்மா. நான் அவர்களைப் பார்த்து ஒரு முறை முறைத்தேன். அவர்கள் என் கண்ணீரைப் பார்த்து மரியாதையாக விலகிப் போனார்கள்.

அடுத்த படத்தில் அவர் படுக்கையில் கிடந்தார். ஒரு வயதான அம்மாள் ஸ்பூனில் கஞ்சி ஊட்டுகிறாள். அதற்கடுத்து ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய், கையில் ஊசி, மூடிய கண். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். (இவர் தன் தம்பி வீட்டுத் துக்கத்திலேயே கடலைக்கு என்ன விலை என்று விசாரித்தவர்.) கடைசியாக அந்தப் படம். ஒரு வயர் பின்னிய நாற்காலி, காலி. கைப்பிடியில் ஒரு துண்டு. கீழே ஒரு ஜோடி செருப்பு, யாரோ இப்போதுதான் கழற்றி விட்ட மாதிரி.

கால் மணி நேரத்துக்கு முன் அந்த மனிதர் சோளம் தின்றுகொண்டிருந்தாரே! அந்தச் செருப்பைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை; பக்கத்தில் ஒரு அட்டை இருப்பது கண்ணிலேயே படவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் கவரைப் பிரித்தேன். சாமி மாலையை எடுத்தேன். அந்தப் படத்துக்குச் சாத்தி, கை கூப்பி நின்றேன். அந்த நிலையிலும் யமுனா நம்மைப் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்த்தாள். வாயில் கை வைத்திருந்தாள். உருகிவிட்டாள் என்று நினைத்தேன்.

இதற்குள் அம்மா அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தாள். வாசலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி ஊட்டிய அதே அம்மாள்! எங்கள் பக்கத்தில் துக்கம் விசாரிப்பதற்கு அறிமுகமெல்லாம் தேவையில்லை. அம்மா நேரே போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இப்படிப்பட்ட மனுஷனை எமன் தூக்கிட்டானே தாயீ!"

"யாரை?" என்றாள் அந்த அம்மாள் மிரண்டுபோய்.

"உன் ஊட்டுக்காரரத்தான்!"

அவள் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. "ஐயோ! ரோட்டத் தாண்டாதீங்க, லாரிங்க வேகமா வருதுன்னு தலைதலையா அடிச்சிக்கினேனே! கேட்டாரா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு எழுந்தாள்.

"லாரியா? ஆஸ்பத்திரின்னு இல்ல நெனச்சேன்" என்றார் அப்பா.

அதற்கப்புறம் அந்தக் கடலை மில்லில் நடந்ததை நான் முழுசாக விவரிக்க முடியாது. இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து வைத்த ஒப்பாரியில் கூரைத் தகரம் அதிர்ந்தது. பார்க்க வந்தவர்களில் நம்மூர்ப் பெண்கள் நாலைந்து பேர், யார் என்ன என்று கேட்காமலே வந்து வட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளைக்காரத் தம்பதி இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். யமுனா கையை ஆட்டி ஏதோ கத்திக்கொண்டு ஓடி வந்தாள். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கு முன்பே வந்து மூலையில் மின்விசிறிக்குக் கீழே சாய்ந்திருந்த தணிகாசலம் மட்டும் அழவில்லை. பொறுப்பான மனிதர். ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஃபோனில் யாரையோ பிடித்தார்.

"ஐஸ் பொட்டி இருக்குதா? ஆமா, பாடி வெக்கத்தான். இல்லல்ல, ஆளு ஒல்லிதான், சின்னதே போதும். வாடகையக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கங்க."

அப்போதுதான் கதவு திறந்தது. ஒரு கையில் டீத் தூக்கு, இன்னொரு கையில் எண்ணெய் ஊறிய பஜ்ஜிப் பொட்டலத்தோடு அவர் உள்ளே வந்தார். சோளக்கதிர்க்காரர். நாற்காலிக்காரர். நான் மாலை போட்டவர்.

செத்தவர் எதிரில் வந்து நின்றால் ஓட வேண்டுமா, காலில் விழ வேண்டுமா என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டையும் செய்தேன். அலறிக்கொண்டு ஓடி, ஓடிய வேகத்தில் போய் அவர் காலிலேயே விழுந்தேன். தூக்கு ஆடி, சூடான டீ என் முதுகில் கொட்டியது.

"யாருக்கு என்னா ஆச்சு?" என்றார் அவர்.

அழுகை அப்படியே நின்றுவிட்டது. பாதி வாய் திறந்தபடி எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அந்த அமைதியில் தணிகாசலத்தின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "ஊட்டு அட்ரஸ் எழுதிக்கங்க..."

"யாருக்குடா மச்சான் பொட்டி?"

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். ஃபோன் கையிலிருந்து நழுவியது. "உங்களுக்குத்தாங்க மாமா" என்றார்.

பெரியவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். மாலையைப் பார்த்தார். "என் சேருக்கு மாலை போட்டது யாரு?"

தரையில் கிடந்தபடியே நான் கையைத் தூக்கினேன்.

"நீ யாரு?"

"மாப்பிள்ளைங்க" என்றேன்.

அந்த அம்மாள், அதாவது யமுனாவின் பெரியம்மா, ஓடி வந்து கணவரின் தோள், கை, முதுகு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். முழுசாக இருக்கிறார் என்று உறுதியானதும், "ஒரு டீ வாங்க இத்தன நேரமா?" என்று அவருக்கு ஒரு அடி வைத்தாள். அப்பா இந்தச் சந்தடியில் விவர அட்டையைக் கண்டுபிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்க வாசித்தார்: என் பெரியப்பாவை மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன அன்று இந்த நாற்காலி காலியானது, அங்கிருந்து அவர் மீண்டு வந்து கிரிவலம் நடந்ததுவரை எடுத்த படங்கள் இவை. வாசிக்க வாசிக்க என் உடம்பு சுருங்கிக்கொண்டே வந்தது.

அம்மா மட்டும் தளரவில்லை. "சாமி ஊர்ல அம்பு அந்தப் பக்கமா போட்டது யாரு தப்பு?" என்றாள்.

நான் எழுந்து மாலையை எடுக்கப் போனேன். அப்போதுதான் பார்த்தேன். படத்துக்குக் கண்ணாடி கிடையாது. சம்பங்கியின் தண்ணீர் தாளில் இறங்கி, அந்தச் செருப்பு இருந்த இடம் கரைந்து குழம்பியிருந்தது. பக்கத்தில் யமுனா வந்து நின்றாள். டிராக்டர் சவாரி போச்சு, பெண் போச்சு, எல்லாம் போச்சு என்று தெரிந்துவிட்டது.

"நெஜமாவே அழுதீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"எந்தப் படத்துல ஆரம்பிச்சுது?"

"அவரு ஷேவ் பண்ணிக்கிற படம்."

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் அவரு தன் கையால மொத மொத ஷேவ் பண்ணிக்கிட்ட நாள் அது. தினம் ராத்திரி அழுதுட்டிருந்தேன். அன்னைக்கிதான் நிறுத்தினேன்" என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியது. எனக்கு மறுபடியும் வந்துவிட்டது. அடுத்து என் பேண்டின் முன்பக்க ஈரத்தையும் முதுகில் வழிந்த டீயையும் பார்த்தாள். சிரிப்பு பீறிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்ததும் மில்லில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்மா அழுததை விடச் சத்தமாகச் சிரித்தாள்.

பெரியப்பா சிரிக்கவில்லை. அவர் ஒரு பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு விசாரணையில் இறங்கினார். யார் யார் அழுதது, யார் முதலில், எவ்வளவு நேரம்? அம்மாவை உட்காரவைத்து, என்ன சொல்லி அழுதாள் என்று திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் பூரித்தது. அப்புறம் தணிகாசலத்தைப் பார்த்தார்.

"என் மூஞ்சியக்கூடப் பாக்காதவங்க எனக்காக இப்படி அழுதிருக்காங்க. என் சோத்தைத் தின்னவன் வாடகையக் கம்மி பண்ணச் சொல்றான்." பொட்டலத்தை அம்மாவிடம் நீட்டினார். "எடுத்துக்கங்க சம்பந்தியம்மா."

அம்மா பஜ்ஜியை எடுக்கவில்லை. அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு மறுபடியும் அழ ஆரம்பித்துவிட்டாள். கல்யாணம் அந்தத் தையிலேயே நடந்தது.

அதிலிருந்து அந்த வீட்டு விசேஷங்களில் ஒரு சட்டம் உண்டு. அன்றைக்கு அழுதவர்களுக்கு முதல் பந்தி. தணிகாசலம் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும்; ஐஸ் தண்ணீர் வேண்டுமா என்று பெரியப்பாவே போய்க் கேட்பார். எங்களில் யார் ஃபோன் செய்தாலும் அவர் "ஹலோ" சொல்வதில்லை. "இன்னும் இருக்கேன், சொல்லுங்க" என்பார். என் மகள் பேசப் பழகியதே அவர் மடியில் உட்கார்ந்துதான்.

இந்த வருஷம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். இரண்டாவது வாரமே டீச்சர் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். முகத்தில் கவலை. "காலையில பேர் கூப்பிட்டா மத்த பசங்க 'பிரசன்ட் மிஸ்'னு சொல்றாங்க. உங்க பொண்ணு மட்டும் தினமும் எழுந்து நின்னு 'இன்னும் இருக்கேன் மிஸ்'னு சொல்றா. வீட்ல ஏதாவது பிரச்னையா?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மிஸ்" என்று ஆரம்பித்த யமுனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிட்டாள். டீச்சருக்கு நான்தான் உட்கார்ந்து கதையைச் சொன்னேன்.